இன்டர்னல் மார்க் யார் வீட்டுச் சொத்து?



செமஸ்டர் முடியப் போகிறது. "நம்ம பையன்தான், இன்டர்னல்ல ஒரு அஞ்சு மார்க் பார்த்துப் போடுங்க சார்" என்று பேராசிரியர்களுக்கு போன் போகும் காலம். உங்களில் சிலர் போன் செய்பவர்கள், சிலர் எடுப்பவர்கள். இருவருக்கும்தான் இந்தப் பதிவு.

பல்கலைக்கழகத் தேர்வுத்தாள் டம்மி நம்பரோடு திருத்தப் போகிறது. சந்தேகம் வந்தால் நகல் வாங்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். திருத்திய விடைத்தாளைப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு என்று 2011-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் பல கலைக் கல்லூரிகளில் நூற்றுக்கு 25 இன்டர்னல் மார்க். அதை மட்டும் முகம் பார்த்துப் போடலாமா?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சந்தைக்குச் சரி, மதிப்பெண் பட்டியலுக்கு ஆகாது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்கு, பேராசிரியரிடம் போய்க் கேட்கலாம் என்பதே தெரியாது. அவளுக்காக யார் போன் செய்வார்கள்? மற்றவர்களோடு ஒப்பிட்டு கிரேடு போடும் இடங்களில் கேட்டவன் ஏறினால் கேட்காதவள் இறங்கவும் கூடும்.

இரக்கமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேள்வி தவறாக இருந்தால், அதை எழுத முயன்ற எல்லோருக்கும் மதிப்பெண் தருகிறோம். அதுவும் கூட்டிப் போடுவதுதான். ஆனால் காரணத்தை ஊரறியச் சொல்லி, எல்லோருக்கும் தருகிறோம்.

ஆகவே பேராசிரியர்களே, கூட்டும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் காரணத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்ட முடியுமா? முடியாதென்றால் அந்த மார்க்கைப் போடாதீர்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.