கைப்பிடி அரிசி



சென்ற மாதம் வேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், சமுதாய சுகாதாரச் செவிலியர் ஒருவரோடு அரைநாள் நடந்தேன். பீடி சுற்றும் ஒரு சகோதரியின் வீட்டில் நின்றோம். காசநோய்ச் சிகிச்சையில் அவருக்கு அது மூன்றாவது மாதம். மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்த சிஸ்டர், எடையும் எடுத்தார். போன மாதத்து எடையேதான். உடனே அடுப்படிக்குப் போய்ப் பானையின் மூடியைத் தூக்கினார்.

“காலையில என்னம்மா சாப்பிட்ட?”

“டீத்தண்ணி குடிச்சேன் சிஸ்டர். புள்ளைங்களுக்குத்தான் பழையது இருந்துச்சு.”

சுவரோரம் ஆணியில் ஒரு தம்ளர் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் அதை எடுத்தார், குடத்துத் தண்ணீரை மொண்டு குடித்தார், கழுவி மற்றத் தம்ளர்களோடு அடுக்கினார். “இது காத்துல பரவுற நோய்மா, தம்ளர்ல இல்ல. மாத்திரையும் ஒழுங்காப் போடுறா. இனிமே தனியா வைக்காதீங்க” என்று மாமியாரைப் பார்த்துச் சொன்னார். குஷ்டரோகியை ஆண்டவர் முதலில் தொட்டார், பிறகுதான் சுத்தமாகு என்றார். இதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அந்த வரிசை எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான். நம் ஆலயங்களிலோ, ஒருவர் இரண்டு முறை இருமினால் பக்கத்து இடம் காலியாகிவிடுகிறது.

திரும்பி வரும்போது சிஸ்டர் சொன்னார்: “மாத்திரை இலவசமாக் கெடைக்குது. சோறு?”

1956-ல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு, காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் வைத்தார்கள். மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். மருந்து இரு சாராருக்கும் ஒன்றே. ஓராண்டில் குணமானதும் ஏறக்குறைய ஒன்றுபோலவே. ஏழை தன் வீட்டிலேயே குணமாகலாம் என்று ஆனது. செவிலியர்கள் தெருத்தெருவாக நடக்கத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்த முடிவை வைத்துக்கொண்டு, சாப்பாட்டை நாம் கொஞ்சம் மறந்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. மருந்து கிருமியைக் கொல்லும். அதே வீட்டில் நாளை இன்னொருவர் படுக்காமல் இருக்க என்ன வழி? ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு அதற்கு விடை சொன்னது. நோயாளியின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தடுப்பு மருந்து என்றால் ஊசியைத்தான் நினைப்போம். இங்கே அது பருப்பும் சோறும்.

காசநோயாளியின் சாப்பாட்டுக்கென்று அரசு தரும் மாத உதவி 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1000 ஆனது. மனதார வரவேற்கிறேன். ஆனால் அது நோயாளி ஒருவருக்கான தொகை. நான் பார்த்த வீட்டில் பானை ஒன்று, வயிறு ஐந்து.

லெந்து நாட்களுக்குள்ளேதான் மார்ச் 24, உலகக் காசநோய் நாளும் வருகிறது. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்து வைப்பது நம் தாய்மார்களின் பழைய வழக்கம். இன்றும் பல சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கம் அதைச் சேர்க்கிறது. ஏலம் விட்டுப் பணமாக்குவதும் உண்டு. இந்த ஆண்டு ஏலம் வேண்டாமே. அரிசியாகவே, கூடவே கொஞ்சம் பருப்பும் முட்டையும் சேர்த்து, இந்த வீடுகளுக்குப் போகட்டும். ஆறு மாதச் சிகிச்சைக்கு ஆறு மாதமும் போகட்டும். ஒரு ஞாயிறோடு நின்றுவிட வேண்டாம்.

எந்த வீடு என்று நீங்கள் தேட வேண்டியதில்லை. உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஒப்படையுங்கள், அவருக்குத் தெரியும். பெயரை மட்டும் கேட்காதீர்கள். தெரியவந்தாலும் ஆலயத்தில் அறிவிக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்