கிறுக்கு என்று ஒதுக்காதீர்கள். கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்!



“வீட்டில் ஒரு பொருளையும் முழுதாக வைக்க முடியவில்லை. ரேடியோவைப் பிரிக்கிறான், சுவர்க் கடிகாரத்தைக் கழற்றுகிறான். இவனுக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ!” என்று தம் பிள்ளையைப் பற்றி முறையிடும் தாய்மார்கள் நம்மிடையே பலர் உள்ளனர். வேறொரு வீட்டில், வந்த கடிதங்களின் உறைகளையெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து அஞ்சல்தலைகளை உரித்தெடுக்கும் சிறுவன் இருக்கிறான். மற்றொரு வீட்டில், பாடப்புத்தகத்தை ஒருமுறை படித்து மூடிவிட்டு, விண்மீன்களைப் பற்றிய நூலை மட்டும் பத்து முறை படிக்கும் பெண்பிள்ளை இருக்கிறாள்.

இந்த ஆர்வங்களுக்குப் பள்ளியில் மதிப்பெண் கிடையாது. கலியாண வீட்டில் உறவினர் கூடும்போது, “பிள்ளை எத்தனை மார்க்?” என்று கேட்பார்களே தவிர, “நீ பிரித்த ரேடியோ மறுபடியும் பாடிற்றா?” என்று எவரும் கேட்பதில்லை. பேசுவதற்கு ஆளில்லாத ஆர்வம் நாளடைவில் ஒன்று வாடிப்போகும். அல்லது, வீட்டாருக்குத் தெரியாமல் ஒளிந்து வளரும். இரண்டுமே நல்லதல்ல.

ஆனால், இத்தகைய பிள்ளைகளுக்காகவே கடைகளைத் திறந்து வைத்திருக்கும் தெருக்கள் பெருநகரங்களில் உண்டு. அங்கே அவர்களை எவரும் கிறுக்கர் என்று சொல்வதில்லை, “என்ன வேண்டும் தம்பி?” என்று கேட்கிறார்கள். சென்னை அண்ணா சாலையை ஒட்டி, ஒரே பகலில் நடந்து பார்த்துவிடக்கூடிய அத்தகைய மூன்று இடங்களைப் பற்றி இம்மாதம் பேசுவோம்.

ரிச்சி தெரு

அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் பிரியும் சிறிய தெரு இது. இதனோடு நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு, வாலர்ஸ் சாலை ஆகியவையும் சேர்ந்து, நாட்டின் பெரிய மின்னணுப் பொருட்சந்தைகளுள் ஒன்றாகப் பெயர் பெற்றிருக்கின்றன. அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

முதன்முறை போகிறவருக்குத் தலை சுற்றும். ஓரடி அகலக் கடையில்கூடக் கூரைவரை சின்னஞ்சிறு பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர், ஐ.சி., ரிலே, மோட்டார், ஸ்பீக்கர், சால்டரிங் அயன், ஈயக்கம்பி என்று எதைக் கேட்டாலும், எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்பதைக் கடைப்பையன் மனப்பாடமாக வைத்திருப்பான். கணினி உதிரிகளும் கேமராக்களும் விற்கும் கடைகள் தெருமுகப்பில் பளிச்சென்று தெரியும். நம் பிள்ளைகளுக்கு உரிய கடைகளோ பெரும்பாலும் உள்ளே, மாடிப்படிக்குக் கீழே, வணிக வளாகத்தின் இருண்ட நடைக்குள் இருக்கும். அவற்றைத் தேடித்தான் போகவேண்டும்.

இணையத்தில் கேட்டால் இவையெல்லாம் வீட்டுக்கே வந்துவிடுகின்றனவே, கடைக்கு ஏன் போகவேண்டும் என்று கேட்பீர்கள். பொட்டலம் வரும்; ஆனால் பொட்டலம் திருப்பிக் கேள்வி கேட்காது. கடைக்காரர் கேட்பார். “ரெசிஸ்டர் வேண்டும்” என்று பையன் சொன்னால், “எத்தனை ஓம்? எத்தனை வாட்? எதற்குப் போடப்போகிறாய்?” என்று அடுக்கடுக்காக மூன்று கேள்விகள் வரும். விடை தெரியாமல் அவன் விழிக்கும் அந்த ஒரு நிமிடம் ஒரு முழுப் பாடத்திற்கு ஈடானது. அடுத்த முறை அவன் கணக்குப் போட்டுக்கொண்டு போவான்.

அந்தக் கணக்கு கடினமானதன்று. ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கை எரிய வைக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நேரடியாக இணைத்தால் விளக்கு கருகிவிடும். விளக்குக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும். மீதியுள்ள 7 வோல்ட்டைத் தாங்கிக்கொள்ள இடையில் ஒரு ரெசிஸ்டர் வேண்டும். 470 ஓம் ரெசிஸ்டரைப் போட்டால், ஏழை நானூற்று எழுபதால் வகுக்க, ஏறக்குறைய 15 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் வரும். அது விளக்குக்குப் பொருத்தமான அளவு. அந்த ரெசிஸ்டரின் உடம்பில் மஞ்சள், ஊதா, பழுப்பு என மூன்று வண்ண வளையங்கள் இருக்கும். மஞ்சள் 4, ஊதா 7, பழுப்பு ஒரு சுழியம்; ஆக 470. நான்காவது வளையம் அந்த அளவு எவ்வளவு துல்லியமானது என்பதைச் சொல்லும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் இந்தப் பொருளை வாங்கிவரும் வழியில், ஓமின் விதியைப் பையன் தன் கையாலேயே கற்றுக்கொண்டுவிடுகிறான்.

இதில் தேர்ந்தபின் 555 என்னும் எட்டுக்கால் ஐ.சி.யைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். 1972இல் விற்பனைக்கு வந்த இது, ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் விற்றுக்கொண்டிருக்கிறது. விளக்கை விட்டுவிட்டு ஒளிரச் செய்யவும், மணியை ஒலிக்கச் செய்யவும் தொடக்கநிலையில் இதைவிட எளிய துணை இல்லை. அதன்பிறகு, 2005இல் இத்தாலியில் மாணவர்களுக்கென உருவாக்கப்பட்ட ஆர்டுயினோ பலகைக்கும், 2012இல் இங்கிலாந்திலிருந்து வந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணினிக்கும் அவன் தானே வழி கண்டுகொள்வான். அவையும் இத்தெருவில் கிடைக்கின்றன.

அஞ்சலகத்தின் உள்ளே ஒரு பழைய திரையரங்கு

அஞ்சல்தலை சேர்க்கும் பிள்ளைகளுக்கு உரிய இடம் அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகம். அதன் வளாகத்தில் உள்ள அஞ்சல்தலை சேகரிப்போர் பிரிவு இயங்கும் கட்டடத்திற்கே ஒரு கதை உண்டு. 1913இல் வார்விக் மேஜர் என்பவர் கட்டிய ‘எலெக்ட்ரிக் தியேட்டர்’ அது; சென்னையின் தொடக்ககாலத் திரையரங்குகளுள் ஒன்று. 1915இல் அஞ்சல்துறை அதை வாங்கிக்கொண்டது. மௌனப்படம் ஓடிய இடத்தில் இன்று அஞ்சல்தலைகள் இருக்கின்றன.

புதிய நினைவு அஞ்சல்தலைகளை அவற்றில் அச்சிட்ட விலைக்கே இங்கு வாங்கலாம். ஒவ்வொரு வெளியீட்டுடனும் அதைப் பற்றிய விவரத்தாளும் கிடைக்கும். அந்தத் தாள்களைச் சேர்த்து வைத்துப் படிக்கும் பிள்ளை, வரலாறும் நிலவரையும் தேர்வுக்காகப் படிப்பவனைவிட ஆழமாகக் கற்கும். பழைய அஞ்சல்தலை, பழைய நாணயம் என்று வெளியே அதிக விலை சொல்வோரிடம் பணத்தை இழக்குமுன் பிள்ளைகளை முதலில் இங்கே அழைத்து வாருங்கள். உண்மையான பொருள் எப்படி இருக்கும் என்பதைக் கண் பழகிக்கொள்ளட்டும்.

புத்தகக் கடை

மூன்றாவது இடம் ஹிக்கின்பாதம்ஸ். ஆபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் 1844இல் தொடங்கிய இந்நிறுவனம், நம் நாட்டில் இன்றும் நடைபெறும் புத்தகக் கடைகளுள் மிகப் பழையது. உயர்ந்த கூரையும் வண்ணக் கண்ணாடிகளும் கொண்ட அதன் அண்ணா சாலைக் கட்டடம் 1904இல் எழுந்தது. வெயிலும் புழுக்கமும் உள்ளே வராதிருக்கக் கட்டிய அந்த மண்டபத்தில், அலமாரி அலமாரியாக நடந்து பார்ப்பதே ஒரு கல்வி. தேடிப்போன நூல் இல்லாவிட்டாலும், தேடாத நூல் ஒன்று பக்கத்தில் நின்று கையைப் பிடித்து இழுக்கும்.

புத்தகக் கடையில் பொழுதைக் கழிப்பது வீண் என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த பஸ்ராவின் பேரறிஞர் அல்ஜாஹிழ், புத்தகக் கடைகளை வாடகைக்கு எடுத்து, இரவு முழுவதும் அங்கேயே தங்கிப் படிப்பார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவருக்கு அடுத்த நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு நதீம், நூல்களைப் படியெடுத்து விற்கும் தொழிலைச் சேர்ந்தவர். தம் காலத்தில் அரபு மொழியில் கிடைத்த நூல்களையெல்லாம் வகைப்படுத்தி அவர் 987இல் எழுதிய ‘ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் பட்டியல் இல்லாதிருந்தால், மறைந்துபோன பல நூல்களின் பெயர்கள்கூட இன்று நமக்குத் தெரிந்திராது. கடையும் கல்வியும் அந்நாளில் தனித்தனியாக இருக்கவில்லை.

பெண்பிள்ளைக்கு அந்தத் தெரு எதற்கு?

இனிச் சொல்லப்போவதுதான் இக்கட்டுரையின் முக்கியச் செய்தி. பையன் மின்கருவிகளைப் பிரித்தால் கோபித்துக்கொண்டாலும், “எஞ்சினீயராக வருவான்” என்று உள்ளூர மகிழ்கிறோம். அதையே மகள் செய்தால், “பொம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு?” என்று ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி வைத்துவிடுகிறோம். ரிச்சி தெரு ஆண்கள் நெருக்கியடித்து நடக்கும் தெருதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே அளவு நெரிசலுள்ள துணிக்கடைத் தெருவுக்குப் பெருநாள் காலத்தில் நம் பெண்களை அழைத்துப் போகாமலா இருக்கிறோம்? நெரிசல் ஒரு காரணம் என்றால், அது இரண்டு தெருவுக்கும் ஒன்றுதானே?

2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை எண்ணிப் பாருங்கள். பொழுதுபோக்கு வானொலி எனப்படும் ‘ஹாம்’ ரேடியோவில் ஈடுபட்டிருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணி, அந்தமான் தீவுகளிலிருந்து உலகெங்கும் உள்ள ஹாம் அன்பர்களோடு தொடர்புகொள்வதற்காகத் தம் குழுவினருடன் போர்ட் பிளேர் சென்றிருந்தார். 26ஆம் நாள் நிலம் நடுங்கிச் சுனாமி எழுந்தது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்துபோயின. அப்போது அவருடைய வானொலிக் கருவிகள் தீவுகளிலிருந்து பெருநிலத்திற்குச் செய்தி சொல்லும் பாலமாயின. தம் உறவினர் உயிரோடிருக்கிறாரா என்று ஏங்கிய குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தப் பாலத்தின் வழியே விடை கிடைத்தது. ‘இது உனக்கு எதற்கு?’ என்று அவருடைய ஆர்வத்தை வீட்டார் முளையிலேயே கிள்ளியிருந்தால், அந்த வேளையில் அந்தக் கருவியின் முன் அமர்ந்திருக்க அவர் இருந்திருப்பாரா?

ஆகவே தந்தையர்களே, மகள் கேட்டால் நீங்களே அழைத்துச் செல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். விடுமுறைக் காலத்தின் வேலைநாளொன்றில், கடை திறந்தவுடன் முற்பகலிலேயே சென்றால் நெரிசல் குறைவு. கடை முகப்பில் நீங்கள் பேசாதீர்கள். பட்டியலை அவளே படிக்கட்டும், கேள்விக்கு அவளே விடை சொல்லட்டும். நீங்கள் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றால் போதும்.

சில எச்சரிக்கைகள்

வீட்டிலேயே பட்டியல் எழுதிக்கொண்டு செல்லுங்கள். பெயர், அளவு, எண்ணிக்கை மூன்றும் இருக்கவேண்டும். ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். மல்டிமீட்டர் போன்றவற்றைக் கடையிலேயே இயக்கிப் பார்த்து, ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். பிரபல நிறுவனத்தின் பெயரைப் பொறித்த போலிப் பொருளும், திருட்டுத்தனமாகப் படியெடுத்த மென்பொருளும் மலிவாகக் கிடைக்கலாம். அவற்றை வாங்கித் தந்து பிள்ளைக்கு அறிவோடு திருட்டையும் சேர்த்துக் கற்பித்துவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் சோதனைகள் பேட்டரியோடு நிற்கட்டும். வீட்டுச் சுவரில் வரும் 230 வோல்ட் மின்சாரம் உயிரைக் குடிக்கும். அதைத் தொடும் வேலை எதுவாயினும், தெரிந்த பெரியவர் உடன் இருந்தால் மட்டுமே செய்யவேண்டும். சால்டரிங் அயனைப் பிடிக்கும்போது சன்னல் திறந்திருக்கட்டும். வேலை முடிந்ததும் கை கழுவட்டும்.

மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, அதன் கணக்கைப் பிள்ளையே எழுதச் சொல்லுங்கள். தொகை சிறிதாக இருப்பது நல்லதே. எதை வாங்குவது, எதை அடுத்த மாதத்திற்கு வைப்பது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் அதனால்தான் வரும்.

இருக்கும்போதே போய்ப் பாருங்கள்

சென்னை சென்ட்ரல் அருகே 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பழைய புத்தகம், பழைய நாணயம், இசைத்தட்டு, உடைந்த கருவி என்று வேறெங்கும் கிடைக்காதவை அங்கே கிடைத்தன. வசதியற்ற எத்தனையோ மாணவர்கள் அந்தப் பழைய புத்தகங்களை வாங்கித்தான் படித்து முன்னேறினார்கள். 1985 மே 30ஆம் நாள் அது தீக்கிரையாயிற்று. இன்று அவ்விடத்தில் புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது.

தீ ஒன்றுதான் கடைகளை அழிக்கும் என்றில்லை. வாங்குவோர் வராமற்போனாலும் கடைகள் மறையும். பெட்டிக்குள் இருக்கும் பொருளை வேறு யாரேனும் விற்பார்கள். “இது உனக்கு ஒத்துவராது தம்பி, அதை எடுத்துக்கொள்” என்று சொல்லும் அந்த அனுபவம் போனால் திரும்பாது.

சென்னைக்கு வெளியே வாழும் வாசகர்கள் மனம் தளரவேண்டாம். உங்கள் ஊரில் ரேடியோ, டி.வி. பழுதுபார்க்கும் கடை ஒன்று கட்டாயம் இருக்கும். அங்குள்ள பெரியவரிடம் பிள்ளையை அழைத்துப்போய் ஸலாம் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். விடுமுறையில் வாரத்திற்கு இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுக்கமாட்டார், தம் தொழிலைக் கேட்டறிய ஒரு பிள்ளை வந்ததே என்று மகிழத்தான் செய்வார்.

வரும் விடுமுறைக்குள் ஒருமுறை போய் வாருங்கள். பிள்ளை எதை வாங்கிற்று, அது எரிந்ததா, ஒலித்ததா என்பதை எனக்கு எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.