டேட்டாபேஸுக்கு வாட்ச்மேன் எதற்கு?

'டேட்டாபேஸ் கத்துக்கணும் ஸார், எங்கே ஆரம்பிக்கிறது?' என்று கேட்கும் இளைஞர்களை, மைஎஸ்க்யூஎல், போஸ்ட்க்ரெஸ் என்று இரண்டு பெயர் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டும் முதல் தரச் சரக்கு. ஓப்பன் ஸோர்ஸ். காலணா செலவில்லை. ஆனால் உட்கார்ந்த உடனே ஸர்வரை நிறுவு, போர்ட் நம்பர் என்ன, யூஸர் யார், பாஸ்வேர்டு என்ன என்று ஆரம்பித்துவிடும். பையன் ஒரு டேபிளைக்கூடப் பார்க்காமல் எக்ஸெலுக்கே திரும்பிவிடுகிறான். கல்யாணப் பந்தி இலவசம்தான். வாசலிலேயே 'மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா, பத்திரிகை எங்கே?' என்று மறித்தால் யார் சாப்பிட வருவார்கள்?

நான் சிபாரிசு செய்வது எஸ்க்யூஎல்லைட். 2000-ல் ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் எழுதியது. அப்போது அவர் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். டேட்டாபேஸ் ஸர்வர் படுத்துக்கொண்டால் இவருடைய புரோகிராமும் கைவிரிக்கும். திட்டு மட்டும் இவருக்கு. 'தகவல் டிஸ்க்கில்தானே இருக்கு, நேரே போய் எடுத்தா என்ன?' என்று யோசித்தார்.

விளைவு: ஸர்வர் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. மொத்த டேட்டாபேஸும் ஒரே ஒரு ஃபைல். பென் டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம். காப்புரிமைகூட வைத்துக்கொள்ளாமல் பொதுச்சொத்தாக விட்டுவிட்டார் மனிதர். ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் இருக்கிறது. அதாவது, இப்போதே உங்கள் சட்டைப்பையில்.

பைத்தான் வைத்திருந்தால் தனியாகத் தேட வேண்டாம். 2006-லிருந்து அதோடு கூடவே வருகிறது. ஒரு டேபிள் போடுங்கள். தேதி, செலவு, தொகை என்று மூன்றே பத்திகள். ஒரு மாதம் டீ, சிகரெட், பெட்ரோல் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதுங்கள். பிறகு எதற்கு எவ்வளவு என்று 'க்ரூப் பை' போட்டுக் கேளுங்கள். ஒரே வரிதான். பதிலைப் பார்த்துக் கொஞ்சம் வயிறு கலங்கும். ஆனால் டேட்டாபேஸ் என்றால் என்னவென்று அந்த நிமிஷம் புரிந்துவிடும்.

குறையும் உண்டு. படிப்பது எத்தனை பேரானாலும், ஒரு சமயத்தில் ஒருவர்தான் எழுத முடியும். நூறு பேர் ஒரேயடியாக எழுதும் ஆபீஸுக்கு போஸ்ட்க்ரெஸ்தான் சரி. போங்கள். அங்கேயும் கேள்வி கேட்கும் பாஷை கிட்டத்தட்ட இதேதான். பாஸ்வேர்டு கேட்டால் இனி பயம் வராது.

அந்த சிகரெட் வரிகளை அழிக்க ஒரே ஒரு 'டெலிட்' போதும். டேபிளிலிருந்து மட்டும்.