அடுப்படியும் செய்திதான்!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் பேராசிரியர் ஒருவர், "படித்து முடித்து என்ன ஆகப் போகிறீர்கள்?" என்று ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டார். ஆசிரியர், வங்கி ஊழியர், காவல்துறை அதிகாரி என்று பதில்கள் வந்தன. என் முறை வந்தது. "பத்திரிகையில் சாப்பாட்டைப் பற்றி எழுத வேண்டும்" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. "சமையல் குறிப்பா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழுந்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. ஆனால், "வேதியியல் படித்துவிட்டா?" என்று கேட்டார். அன்று பதில் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கட்டுரையை அந்தப் பதிலாகவே வைத்துக் கொள்ளலாம்.

வகுப்பு சிரித்ததாவது போகட்டும். வீட்டில் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை, கோபப்பட்டாள். "ஏட்டி, இந்தப் புகைக்குள்ள இருந்து நீ தப்பிச்சுப் போகணும்னுதான உன்னைப் படிக்க வச்சேன்? நீ திரும்ப அடுப்புக்கே வாரேன்னு சொல்லுத?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் உண்டு. என் தந்தை பனையேறி. அவர் இறக்கிக் கொண்டுவரும் பதனீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது அம்மாவின் வேலை. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான்.

உணவைப் பற்றி எழுதுவது மதிப்பான தொழில் அல்ல என்று நினைப்பவர்கள், அத்தொழிலைச் செய்து பெயர் பெற்றவர்களைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பத்திரிகையாளர் சமஸ் 'தினமணி'யில் எழுதிய உணவுக் கட்டுரைகள் பின்னர் 'சாப்பாட்டுப் புராணம்' என்ற நூலாக வந்தன. ஊர் ஊராகச் சென்று, அங்குள்ள சிறு கடைகளின் பண்டங்களையும் அவற்றைச் செய்பவர்களையும் பற்றி எழுதியவை அவை. அவரே 2014-இல் 'தி இந்து' தமிழ் நாளிதழில் 'நீர் நிலம் வனம்' என்ற தொடருக்காகத் தமிழகக் கடற்கரையோரம் பயணம் செய்து மீனவர் வாழ்வை எழுதினார். தட்டில் கிடக்கும் மீனைப் பற்றி எழுதத் தெரிந்த பேனா, மீன் பிடிப்பவனைப் பற்றியும் எழுதியதில் எனக்கு வியப்பில்லை. இரண்டும் ஒரே பாதைதான். அமெரிக்காவில் ஜொனாதன் கோல்டு என்பவர், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வெளிநாடுகளிலிருந்து குடியேறிய ஏழை எளியவர்கள் நடத்திய சின்னஞ்சிறு உணவகங்களைப் பற்றி எழுதி, 2007-இல் புலிட்சர் பரிசு பெற்றார். உணவு விமர்சகர் ஒருவருக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை.

ஆயினும் இவர்களைப் படிக்கும்போது எனக்கு ஒரு குறை தோன்றுவதுண்டு. உணவுச் செய்தி என்றால் அது கடையிலிருந்துதான் தொடங்குகிறது. திருநெல்வேலி என்றதும் அல்வா, தூத்துக்குடி என்றதும் மக்ரூன். (அல்வாவுக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று எழுதாத கட்டுரை ஒன்றையேனும் வாசித்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.) விலை போட்டு விற்கும் பண்டம் செய்தியாகிறது. விற்பனைக்கு வராத சாப்பாட்டை யாரும் செய்தியாக எண்ணுவதில்லை.

நாங்கள் அன்றாடம் சாப்பிடுவது எது? காலையில் பழையதும் சின்ன வெங்காயமும், இருந்தால் ஒரு துண்டு சுட்ட கருவாடும். குலசேகரன்பட்டினம், மணப்பாடு பக்கமிருந்து சாளை மீன் வரும் நாளில் தேங்காய் அரைத்துப் புளி கரைத்து விட்ட குழம்பு. மீன் இல்லாத நாளில் முருங்கைக்கீரை. மாலையில் சுக்குத் தட்டிப் போட்ட கருப்பட்டிக் காப்பி. கார்த்திகைத் திருநாளில் பனங்குருத்தோலைக்குள் மாவை வைத்து அவிக்கும் ஓலைக்கொழுக்கட்டை. பெண் பிள்ளை ஆளானால் நல்லெண்ணெய் மிதக்க மிதக்க உளுந்தங்களி. இவற்றில் எதற்கும் பெயர்ப்பலகை கிடையாது. ஆனால் எங்கள் ஊரை நிமிர்ந்து நிற்க வைத்திருக்கும் சாப்பாடு இதுதான்.

வீட்டுச் சமையலை எழுதியவர்களே இல்லை என்று சொல்லமாட்டேன். 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி வெளியிட்ட 'சமைத்துப் பார்' இன்றும் புதுமணப் பெண்களின் கைக்குப் போகிறது. அன்றாட ரசத்தையும் குழம்பையும் அளவு சொல்லி அச்சில் ஏற்றிய அந்த அம்மையாரின் துணிவு பெரிது. ஆனால் அது சைவச் சமையல். எங்கள் சாளைக் குழம்புக்கு அதில் இடமில்லை. மேலும் சமையல் நூல் 'எப்படிச் செய்வது' என்று சொல்லும். 'யார் செய்தார், எவ்வளவு நேரம் புகையில் நின்றார், கையில் என்ன மிஞ்சியது' என்று கேட்பது அதன் வேலை அன்று. அது பத்திரிகையாளரின் வேலை. இப்போது கைப்பேசியைத் திறந்தால் சமையல் காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்து உறவினர்கள் தங்கள் தாத்தாவோடு சேர்ந்து 2018-இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தாண்டியது. கிராமத்து மனிதர்கள் அந்த உயரத்தை எட்டியதில் எனக்கும் பெருமைதான். ஆனால் காட்சிக்கு அண்டா அண்டாவாகச் சமைப்பது வேறு, நாலு பேருக்கு உலை வைப்பது வேறு.

இனி, பேராசிரியர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வேதியியல் படித்துவிட்டா?

ஆம், வேதியியல் படித்ததால்தான். பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால், சொட்டும் பதனீர் நொதித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை அந்த நொதித்தலைத் தடுக்கிறது. அப்பா இதை ஆய்வகத்தில் கற்கவில்லை. பதனீரில் சர்க்கரை நூற்றுக்கு ஏறத்தாழ 12 பங்குதான், மற்றதெல்லாம் தண்ணீர். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு லிட்டர் அளவுக்குப் பதனீரை வற்றக் காய்ச்ச வேண்டும். பனைமட்டையும் உடைமுள்ளும் எரிய, அம்மா துடுப்பை விடாமல் கிண்டிக்கொண்டு நிற்பாள். பொங்கி வழியப் பார்த்தால் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவாள், நுரை அடங்கிவிடும். எண்ணெய்ப்பசை நுரையை உடைக்கிறது என்பதை நான் முதலாண்டில் படித்தேன். பாகு பதமாயிற்றா என்று பார்க்கத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பாள். பிறகு சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி.

இந்தக் கருப்பட்டிக்குத்தான் 2023-இல் 'உடன்குடி பனங்கருப்பட்டி' என்று புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே மகிழ்ந்தது. நான் பார்த்த செய்திகளில் கருப்பட்டியின் படம் இருந்தது, மருத்துவ குணம் இருந்தது. துடுப்புப் பிடித்த கை ஒன்றுகூட இல்லை. அதைவிட முக்கியமாக, சீனியைப் பற்றி ஒரு வரி இல்லை.

சீனிக் கலப்படம் எங்கள் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. சீனி மலிவு, சுத்தக் கருப்பட்டி அதைப்போலப் பல மடங்கு விலை. சீனியைப் பாகாக்கிக் கொஞ்சம் பனங்கருப்பட்டியோடு சேர்த்துச் சிரட்டையில் ஊற்றினால், வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரி அம்மாவின் சரக்கைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "அங்க இதுல பாதி விலைக்குத் தாரானே" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஓலைப்பெட்டியை மூடி வீட்டுக்குள் வைத்துவிட்டாள். அந்த வாரம் எங்கள் வீட்டில் கடைச் செலவுக்குக் கடன் வாங்கினார்கள்.

அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. கல்லூரிக்குப் போனால் இந்தக் கலப்படத்தைக் கண்டுபிடிக்கச் சோதனை ஒன்று கற்றுக்கொள்ளலாம் என்று நம்பினேன். வந்த பிறகுதான் தெரிந்தது, கதை அவ்வளவு சுலபமில்லை. பதனீரில் பெரும்பகுதி சுக்ரோஸ்; கரும்புச் சீனியும் சுக்ரோஸ். எங்கள் ஆய்வகத்தில் உள்ள பெலிங் கரைசலுக்கு அது பனையில் பிறந்ததா கரும்பில் பிறந்ததா என்று தெரியாது. கரும்பும் பனையும் காற்றிலுள்ள கரியை இருவேறு வழிகளில் உட்கொள்வதால், கார்பன்-13 என்ற ஐசோடோப்பின் விகிதம் இரண்டிலும் மாறுபடும். அதை அளந்தால் கலப்படம் பிடிபடும். அதற்கான கருவி எங்கள் கல்லூரியில் இல்லை. ஏழை உற்பத்தியாளர் எட்டக்கூடிய தூரத்திலும் இல்லை.

இந்த ஒரு பத்தியை எழுத வேதியியலும் வேண்டும், துடுப்பும் வேண்டும். நகரத்திலிருந்து ஒரு நாள் வந்து, கருப்பட்டிக் காப்பி குடித்து, "மண்மணம் கமழ்ந்தது" என்று எழுதிவிட்டுப் போகிறவரால் எழுத இயலுமா? அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு அது தெரிய வழியில்லை, அவ்வளவே. அம்மாவின் அடுப்புக்கும் ஆய்வகத்து அடுப்புக்கும் நடுவே தினமும் பேருந்தில் வந்து போகிற எங்களைப் போன்றவர்கள்தான் இதை எழுத வேண்டும் என்பது என் கருத்து. பனையை 1978-இல் மாநில மரமாக அறிவித்தோம். 2021-இல் வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை போட்டபோது பனை மேம்பாட்டுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். அதற்குப் பின் மரமேறும் வீட்டில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று பருவந்தோறும் வந்து கேட்டு எழுத ஓர் ஆள் வேண்டாமா?

இதையெல்லாம் ஒரு நாள் இரவு அம்மாவிடம் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் கேட்டாள். பிறகு, "சீனி போடுதவனைப் பத்தியும் எழுதுவியா?" என்றாள். எழுதுவேன் என்றேன். "பேரு போட்டா?" என்றாள். உறுதியாகத் தெரிந்தால் போடலாம், தெரியாமல் போடக் கூடாது என்று நூலகத்தில் படித்ததைச் சொன்னேன். "அப்பம் முதல்ல தெரிஞ்சுக்க" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

வரும் பங்குனியில் பதனீர் இறங்கும்போது, நோட்டுப் புத்தகத்தோடு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. பாகு திரளும் நேரத்தில் மட்டும் கேள்வி கேட்கக் கூடாதாம்.