சேர்மன் நாற்காலியும் குழாயடியும்

ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்ததைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அவர் 1917-ல் சேலம் நகரசபைத் தலைவரானார் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து முதல் உறுப்பினர் அந்தச் சபைக்கு வந்தது அவருடைய முயற்சியால்தான்.

அதே காலத்தில் ஈரோட்டு நகரசபைத் தலைவர் ஈ.வெ.ராமசாமி. காவிரித் தண்ணீர் ஊருக்குள் வரப் பாடுபட்டவர். பின்னர் காங்கிரசில் சேர்ந்தபோது, தம்மிடமிருந்த 29 பொதுப் பதவிகளையும் உதறினார். கதர் மூட்டையைத் தோளில் சுமந்தார். நாற்காலி போனது, மதிப்போ உயர்ந்தது. கொள்கையில் பின்னாளில் எதிரும் புதிருமாக நின்ற இருவருக்கும் நகரசபையே பொதுவாழ்வின் பாடசாலை.

இன்று திருப்பூரைப் பாருங்கள். 2008-ல் மாநகராட்சி, 60 வார்டுகள். இவ்வூர்ப் பனியன் உலகமெங்கும் போகிறது. சாயக் கழிவோ நொய்யலில் கலந்தது. பட்டறைகளை மூடும்படி 2011-ல் உயர்நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்தது. வழக்கு கோர்ட்டுப் படியேறும் முன்பே தட்டிக் கேட்டிருக்க வேண்டியவர்கள் ஊர்ப் பிரதிநிதிகள் அல்லவா?

“எங்களுக்கு அதிகாரம் ஏது?” என்பார்கள். அந்நாள் சேர்மன்களின் தலைக்குமேல் வெள்ளைக்கார ஆட்சியே இருந்தது. இருந்த அதிகாரத்தைக் கொண்டே அவர்கள் காரியம் செய்தார்கள்.

ஆகவே, வார்டு உறுப்பினரின் கழுத்தில் எத்தனை மாலை விழுந்தது என்பது கணக்கல்ல. தெருக்குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விழுந்தது? வாக்காளர் பார்க்க வேண்டிய கணக்கு அதுவே.