51 ஓட்டங்களும் ஒரு வேலியும்

பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் இடம் மிஞ்சினால் நிரப்புவதற்கென்று சில வினோதத் துணுக்குகள் எப்போதும் கைவசம் இருக்கும். அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் 1902 ஜூன் 15 ஆம் திகதி நடந்த பேஸ்போல் ஆட்டம் அத்தகையது. கோர்சிக்கானா அணி ரெக்சார்க்கானா அணியை 51–3 என்ற கணக்கில் வென்றது. ஜே கிளார்க் என்ற 19 வயது இளைஞர் 8 ஹோம் ரன்கள் அடித்தார். துணுக்கு இத்துடன் முடிந்துவிடும். நீண்ட காலம் செய்தி மேசையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதில் ஓர் எண்கூடப் பிழையில்லை. ஆனால் இது செய்தியும் இல்லை.

செய்தி எங்கே இருக்கிறது? அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று விளையாடுவதற்குக் கோர்சிக்கானாவில் சட்டத்தடை இருந்தது. எனவே ஆட்டம் அயலிலுள்ள எனிஸ் என்ற ஊருக்கு மாற்றப்பட்டது. அங்கிருந்த மைதானமோ சிறியது. அதன் வலப்புற வேலி மிக அண்மையில் நின்றது. அடித்த பந்து வேலியைத் தாண்டினால் ஹோம் ரன். கிரிக்கெட்டின் சிக்ஸரைப் போன்றது. கிளார்க் இடக்கைத் துடுப்பாட்டக்காரர். இடக்கைக்காரர் ஓங்கி அடிக்கும் பந்து இயல்பாகவே வலப்புறம் பறக்கும். ஆகவே இந்தச் சாதனையில் அவரது கைகளுக்கு உள்ள பங்கு, மைதானத்தை மாற்றவைத்த ஞாயிற்றுச் சட்டத்துக்கும் உண்டு.

அப்படியானால் அது வெறும் கேலிக்கூத்து என்று தள்ளிவிடுவோரும் இருக்கிறார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இது ரெக்சாஸ் லீக்கின் முறையான தொழில்முறை ஆட்டம். கோர்சிக்கானா அந்தப் பருவத்தில் தொடர்ந்து 27 ஆட்டங்களை வென்ற அணி. வேலி இரு அணிகளுக்கும் ஒரே தூரத்தில்தான் இருந்தது. ரெக்சார்க்கானாவால் 3 ஓட்டங்களே பெற முடிந்தது. கிளார்க்கும் ஒருநாள் வீரரல்லர். கனடாவின் ஒன்ராறியோவில் பிறந்த அவர், பின்னர் கிளீவ்லன்ட் அணியில் பந்து பிடிப்பவராக ஆடினார். 1908 ஒக்டோபர் 2 இல், எதிரணியில் ஒருவரைக்கூட முதலாம் தளத்தை அடையவிடாமல் அடி ஜோஸ் பந்துவீசியபோது, அப்பந்துகளைப் பிடித்தவர் இவரே. ஆனால் மேஜர் லீக்கில் அவர் தம் வாழ்நாள் முழுவதும் அடித்த ஹோம் ரன்கள் 6 மட்டுமே. ஒரு பிற்பகலில் 8, ஓர் ஆயுளில் 6. எனிஸ் வேலியை மறைத்துவிட்டு இவ்விரு எண்களையும் யாராலும் பொருத்திக் காட்ட முடியாது.

துணுக்கு எழுதுவோர் மறைத்துவிடும் இன்னொருவர் உண்டு: ரெக்சார்க்கானாவின் பந்துவீச்சாளர் டெவிட். பந்துவீச்சாளர் களைத்தாலோ அடி வாங்கினாலோ மாற்றிவிடப் பேஸ்போல் விதி இடமளிக்கிறது. அன்று மாற்றவில்லை, அந்த மனிதர் இறுதிவரை வீசினார். அணியின் உரிமையாளர் தரப்போடு அவருக்கிருந்த உறவே காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அப்படியாயின், 51 என்பது துடுப்பின் வலிமையை மட்டும் சொல்லும் எண்ணல்ல. முதலாளியின் விருப்பத்துக்கு முன்னால் விளையாட்டறிவு வாய்மூடி நின்றதன் எண்ணும் அதுவே. வென்றவனின் கணக்கை எழுதத் தெரிந்த நமக்கு, தோற்றவனை வெயிலில் நிறுத்தியவர் யார் என்று கேட்கத் தெரியவில்லை.

அந்த முடிவைத் தந்தியில் பெற்ற சிலர், 51 என்பது பிழையாக இருக்க வேண்டும் என்று கருதி 5–3 எனத் திருத்திவிட்டதாக ஒரு கதை உண்டு. கேட்டுச் சிரிக்கிறோம். எனக்கு அவர்கள்மீது மரியாதைதான் வருகிறது. முடிவு தவறானாலும் அவர்கள் சந்தேகப்பட்டார்கள். ஒரு எண்ணைக் கண்டதும் 'இது எப்படி நடந்தது?' என்று நின்றார்கள். நாமோ சாதனைப் பட்டியல்களை நிற்காமல் பிரதி செய்கிறோம்.

எண்களை வெளியிடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வேலி எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள்.