வேலைக்குப் போகும் தாயும் நாலு மணிப் பால்வாடியும்

உழைத்துப் பிழைக்கும் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், தொட்டில் கட்டிய சந்தோஷம் அடங்குவதற்கு முன்பே, பகற்பொழுதில் இதை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. ஒரு தலைமுறைக்கு முன்னால் மாமியாரும் நாத்தனாரும் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டியும் அந்தக் கேள்விக்கு இடமே வைக்கவில்லை. இன்று திருப்பூரின் லைன் வீடுகளிலும், ஒரகடத்தையும் ஸ்ரீபெரும்புதூரையும் சுற்றியுள்ள ஒற்றையறை வாடகைக் குடித்தனங்களிலும், பிழைப்பைத் தேடிச் சொந்த ஊரை விட்டு வந்த கணவனையும் மனைவியையும் தவிர மூன்றாவது மனிதர் இல்லை. ஆகையால் அந்தத் தாய் வேலையை விட்டு நிற்கிறாள். அல்லது பால்குடி மறவாத சிசுவை ஊரிலிருக்கும் தன் தாயாரிடம் விட்டுவிட்டு, மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து வருகிறாள். அல்லது, இவை எல்லாவற்றிலும் கொடியதாக, மூத்த பெண்ணின் படிப்பை நிறுத்தி அவளைக் குழந்தைக்குக் காவல் வைக்கிறாள்.

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பது நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்தி. அவர்கள் வெளியே வந்து சம்பாதிப்பதற்கு அரசு செய்திருக்கும் உதவிகளும் சாமானியமானவை அல்ல. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாத பயணம் கிடைத்தது. வேலைக்கு வரும் பெண்கள் தங்கத் தோழி விடுதிகள் எழுந்தன. 2023 செப்டம்பர் முதல் குடும்பத் தலைவிகளின் கையில் மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வந்து சேர்கிறது. இவ்வளவையும் யோசித்துச் செய்த நிர்வாகம், பேருந்தில் ஏறும் அந்தப் பெண் தன் இடுப்பிலிருக்கும் குழந்தையை எங்கே விட்டுவிட்டு ஏறுவாள் என்பதை மட்டும் இன்னும் யோசிக்கவில்லை.

குறை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கணக்குப் பார்த்தே காட்டிவிடலாம். 1961-ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, முதலிரு பிரசவங்களுக்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்பு கிடைத்தது. அதாவது ஆறு மாதம். அங்கன்வாடி என்னும் நம் பால்வாடியோ இரண்டு வயது நிரம்பிய குழந்தையைத்தான் பகலில் வைத்துக்கொள்கிறது. அதற்கும் சிறிய குழந்தைகளுக்கு எடை பார்ப்பதும் சத்துமாவு கொடுப்பதும் உண்டே தவிர, அவற்றை இருத்திப் பார்த்துக்கொள்வது இல்லை. ஆறாம் மாதத்துக்கும் இருபத்துநான்காம் மாதத்துக்கும் இடையே கிடக்கும் இந்த 18 மாதங்களில்தான் குழந்தை தவழ்ந்து, எழுந்து, நடந்து, முதற்சொல் பேசுகிறது. இந்த 18 மாதங்களில்தான் அநேகம் பெண்கள் வேலையை விட்டுப் பிறகு திரும்பாமலே போய்விடுகிறார்கள். தமிழக அரசு ஊழியராக இருக்கும் தாய்க்கு 2021 முதல் 12 மாத விடுப்பு கிடைப்பது நியாயமே. சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் ஏழைத் தாய்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் 18,000 ரூபாய் மதிப்புள்ள மகப்பேறு உதவி உண்டு. ஆனால் விடுப்பு என்பதை அவள் அறியாள். கட்டடம் எழும்பும் இடங்களில் சாரக்கம்பத்தில் சேலைத் தூளி கட்டி, சிமெண்டுத் தூசிக்கு நடுவே குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுக் கலவை சுமக்கும் பெண்களைப் பார்க்காதவர் நம்மில் யாருமில்லை.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பினாலும் சிரமம் தீர்வதில்லை, ஏனெனில் பால்வாடி மாலை நான்கு மணிக்குள் மூடிவிடுகிறது. பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்குத் தொடங்கும் ஷிப்ட் மாலை ஐந்தரைக்கு முடியும். ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை ஆகிவிடும். மே மாதத்தில் பால்வாடிக்கு விடுமுறை உண்டு, கம்பெனிக்கு இல்லை. ஆகவே சற்று வசதியுள்ளவர்கள் தனியார் ப்ளே ஸ்கூல்களை நாடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை மதியத்தோடு முடிந்துவிடுவதால், பிற்பகலுக்கு டே கேர் என்று தனிக் கட்டணம் கட்ட நேர்கிறது. நர்ஸாகவோ கடையில் காசாளராகவோ வேலை பார்க்கும் ஒரு பெண், தன் சம்பளத்தின் பெரும்பகுதி குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கே போவதைக் கண்டு, இதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று முடிவு செய்வது ஆச்சரியமல்ல. அப்படி அவள் விலகும்போது மாதச் சம்பளம் மாத்திரம் போகவில்லை. பணிமூப்பும், பிராவிடண்ட் பண்டும், இனிமேல் கிடைத்திருக்கக்கூடிய பதவி உயர்வும் சேர்ந்தே போகின்றன என்பது யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

தனியார் மழலைப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் நாம் அடிக்கடி காணும் மாண்டிசோரி அம்மையாரின் சரித்திரம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1907 ஜனவரி 6-ஆம் தேதி ரோமாபுரியில் ஸான் லொரென்ஸோ என்னும் ஏழைத் தொழிலாளர் பேட்டையில் அவர் தொடங்கிய ‘குழந்தைகள் இல்லம்’ பணக்காரர்களுக்காக ஏற்பட்டதன்று. பெற்றோர் வேலைக்குப் போய்விட, பள்ளி வயது எட்டாத பிள்ளைகள் கேட்பாரற்று மாடிப்படிகளில் திரிந்து சுவர்களைப் பாழாக்கியதைக் கண்டு, அந்தக் குடியிருப்பைப் புதுப்பித்த நிறுவனத்தார், பிள்ளைகளைப் பகலில் ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதே கட்டடத்தில் ஓர் அறையை ஒதுக்கி அம்மையாரை அழைத்தார்கள். குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளும் பெண்மணியும் அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் ஓர் அம்சம். வேலை செய்யும் தாய்க்கு உதவியாகத் தொடங்கிய இடத்திலிருந்துதான் உலகம் போற்றும் ஒரு கல்விமுறை உருவாயிற்று. 1939-இல் அம்மையார் சென்னைக்கு வந்து, அடையாற்றில் பிரம்மஞான சங்கத்தின் ஆதரவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்த காலத்தில் சில வருஷங்கள் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். நம் மண்ணில் இவ்வளவு காலம் நேரிலேயே கற்பித்த அவருடைய முறை, கட்டணம் கட்ட வல்லவர்களின் பிள்ளைகளோடு பெரிதும் நின்றுபோனது வருந்தத்தக்கது.

சிறு குழந்தைகளின் கல்வியை ஏழைகளின் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுசென்ற பெருமை தாராபாய் மோடக், அனுதாய் வாக் என்னும் இரு மராட்டியப் பெண்மணிகளைச் சேரும். 1945-இல் பம்பாய் ராஜதானியின் கடலோரக் கிராமமாகிய போர்டியில் பணியைத் தொடங்கிய அவர்கள், ஏழைப் பிள்ளைகள் பள்ளியைத் தேடி வராததைக் கண்டு, அவர்களுடைய குடிசைகளின் முற்றத்துக்கே பாட்டையும் விளையாட்டையும் எடுத்துப் போனார்கள். அங்கன்வாடி என்ற ஏற்பாடு அப்படிப் பிறந்தது. பிற்பாடு கோஸ்பாடில் ஆதிவாசிகளிடையே வேலை செய்தபோது, கைக்குழந்தைக் காப்பகம், பால்வாடி, தொடக்கப்பள்ளி ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்து நடத்தினார்கள். தம்பியைத் தூக்கிக்கொண்டு வர இடமிருந்தால்தான் அக்காள் படிக்க வருவாள் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. 1972-இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு, பள்ளி வயதுக்கு முந்திய குழந்தைகளைப் பற்றி மத்திய அரசுக்கு அறிக்கை அளித்தது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் ஆரம்பமாயிற்று. போஷாக்கும் தடுப்பூசியும் முன்பருவக் கல்வியும் அதில் இடம்பெற்றன. கோஸ்பாடில் ஒன்றாக இருந்த மூன்றில் கைக்குழந்தைக் காப்பகம் மாத்திரம் விடுபட்டுவிட்டது. அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் நாம் அனுபவித்து வருவது அந்த விடுபாட்டின் பலனைத்தான்.

தமிழ்நாட்டில் இதைச் சரி செய்வது மற்ற மாநிலங்களைவிடச் சுலபம். 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளோடு பால்வாடிக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. இன்று ஏறத்தாழ 54,000 மையங்கள் இங்கே இருக்கின்றன. தபாலாபீஸோ வங்கியோ எட்டாத குக்கிராமத்திலும் பால்வாடி இருக்கிறது, அங்கே அடுப்பு எரிகிறது. கற்பிப்பதற்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்னும் நல்ல பாடத்திட்டமும் உண்டு. மூன்று வயதுப் பிள்ளையைப் பலகையில் எழுத வைத்து வதைப்பதைவிட, மணலிலும் களிமண்ணிலும் கை அளைந்து கதை கேட்டு வளர விடுவதே உண்மையான ஆரம்பக் கல்வி என்பது என் திடமான அபிப்பிராயம். 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டதும், கடன் வாங்கித் தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்டும் நிலையிலிருந்த பெற்றோர்களுக்கு ஒரு வழி பிறந்தது.

சட்டங்கள் இல்லாமலில்லை. முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. தோட்டங்களுக்கு 1951-லும் கட்டட வேலைக்கு 1996-லும் இவ்வாறே விதிகள் பிறந்தன. நூறு நாள் வேலையிலும், சிறு குழந்தைகள் ஐவர் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து நியமிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. ஆனால் பெண்களின் தலையை எண்ணிக் கடமையை நிர்ணயிக்கும் விதி, முப்பதாவது பெண்ணோடு ஆளெடுப்பை நிறுத்திக்கொள்ளும்படி முதலாளிக்கு ஆசை காட்டியது. ஆண் பெண் இருபாலாரையும் சேர்த்து ஐம்பது ஊழியர் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்ற 2017-ஆம் வருஷத்துத் திருத்தம் அந்த வகையில் மேலானது. இருந்தும் சிறிய ஜவுளிக் கடையில் நிற்பவளும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளும், சாலையோரத்தில் பூக்கட்டி விற்பவளும் இந்தச் சட்டங்கள் எதிலும் அடங்கார்கள். அவர்களுக்கு எட்டக்கூடிய ஸ்தாபனம் ஊர்ப் பால்வாடி ஒன்றே.

ஆகவே நான் வேண்டுவது புதிய பெயரில் ஒரு புதிய திட்டத்தை அன்று. இருக்கிற பால்வாடி ஆறு மாதக் குழந்தையை ஏற்றுக்கொள்ள வேண்டும். மாலை ஆறரை மணி வரை திறந்திருக்க வேண்டும். ஆயத்த ஆடைத் தொழில் நடக்கும் ஊர்களில் இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தாலும் தகும். 54,000 மையங்களிலும் ஒரே நாளில் இது நடவாது. திருப்பூர், கரூர், ஒரகடம், ஓசூர், ஆம்பூர் போன்ற, பெண்கள் திரளாக வேலைக்குப் போகும் இடங்களில் முதலில் தொடங்கலாம். 2022-இல் மத்திய அரசு வகுத்த ‘பால்னா’ திட்டம் காப்பகத்தோடு கூடிய அங்கன்வாடிகள் 17,000 ஏற்படுத்துவதை லட்சியமாகக் கொண்டது. அதில் நம் பங்கைக் கேட்டுப் பெற வேண்டும். கர்நாடகம் 2023-இல் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுக்காகக் கிராமப் பஞ்சாயத்துகளிலேயே ‘கூசின மனெ’ என்ற காப்பகங்களை ஆரம்பித்தது. பக்கத்து ராஜ்யத்தால் கூடியது நமக்குக் கூடாததன்று. பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பொதுக் காப்பகம் வைத்துக்கொள்ள 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இடம் கொடுக்கிறது. தொழிற்பேட்டைகளின் முதலாளிகள் தனித்தனியே பெயருக்கு ஓர் அறையைப் பூட்டி வைப்பதைக் காட்டிலும், பக்கத்துப் பால்வாடியின் மாலை நேரச் செலவைக் கூடி ஏற்றுக்கொள்வது எவ்வளவோ பிரயோஜனமானது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். இந்த அதிக நேரத்தை இப்போதிருக்கும் அங்கன்வாடிப் பணியாளரின் தலையில் ஏற்றிவிடக் கூடாது. பதிவேடுகள், செல்போன் செயலி, வாக்காளர் பட்டியல் வேலை என்று அவர்மீது ஏற்கெனவே சுமத்தியிருப்பது மிகுதி. அவருக்கு மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2018-இல் உயர்த்தப்பட்ட பிறகும் 4,500 ரூபாயே. மாநில அரசு தன் பங்கைச் சேர்த்துத் தருவதால்தான் இங்கே நிலைமை சற்றுத் தேவலை. அங்கன்வாடிப் பெண்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை, அவர்கள் செய்வது வேலைதானா என்பதே விவாதமாக இருந்தது. பிற்பகலுக்கு இரண்டாவது பணியாளர் ஒருவரும், கைக்குழந்தைகளுக்கென்று பயிற்சி பெற்ற ஆயா ஒருவரும் முறையான சம்பளத்தில் நியமிக்கப்பட வேண்டும். ஒரு தாயின் உழைப்பைக் காப்பதற்காக இன்னொரு தாயின் உழைப்பைச் சுரண்டுவது தர்மமாகாது.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். தேசியக் குழந்தைக் காப்பகத் திட்டம் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களிடம் மாதம் 20 ரூபாயும், மாத வருமானம் 12,000 ரூபாய் வரை உள்ளவர்களிடம் 100 ரூபாயும், அதற்கு மேற்பட்டவர்களிடம் 200 ரூபாயும் வாங்கலாம் என்று நிர்ணயித்தது. இயன்றவர் இன்னும் அதிகமாகவே கொடுப்பார்கள். இந்த உதவி கிடைக்காததால்தான் இன்று அவர்கள் தனியாரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மீதி அரசின் செலவு. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பெண்களின் சம்பாத்தியம் இந்த நாட்டுக்கு நஷ்டம் என்பதை உணர்ந்தால், அந்தச் செலவு பெரிதாகத் தோன்றாது.

சிறு குழந்தை தாய்மடியில்தான் வளர வேண்டும் என்று வாதிப்பவர்களின் எண்ணத்தை நான் அவமதிக்கவில்லை. ஆனால் வாடகையும் மளிகையும் இரண்டு சம்பளம் இல்லாமல் நடவாத வீட்டில் அந்த வாதத்தால் குழந்தைக்கு ஒரு நன்மையும் இல்லை. 2019-ஆம் வருஷத்து நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிஷமும், ஆண் 97 நிமிஷமும் அதற்குச் செலவிடுகிறார்கள். குழந்தை யாருடையது என்ற விசாரம் வரும்போது தகப்பன்மார்களும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

கிராமங்களில் கிராம சபையும் நகரங்களில் ஏரியா சபையும் கூடும் நாட்கள் நமக்குத் தெரிந்தவை. சாலை, குடிநீர், தெருவிளக்கு என்று தீர்மானங்கள் எழுதும் அந்தக் கூட்டங்களில், எங்கள் ஊர்ப் பால்வாடி ஆறு மாதக் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், மாலை ஆறரை வரை திறந்திருக்க வேண்டும், அதற்குத் தனிப் பணியாளர் நியமிக்கப்பட வேண்டும் என்று ஒரு தீர்மானத்தையும் நிறைவேற்றி அனுப்புமாறு, சிறு குழந்தை உள்ள வீட்டாரையும் இல்லாத வீட்டாரையும் ஒருங்கே வேண்டிக்கொள்கிறேன்.